யாகர் ஏன் இத்தனை டீம் மாறினாரு: அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஐஸ் ஹாக்கி பாக்க ஆரம்பிச்ச நம்மாளுங்க கிட்ட யாரோமீர் யாகர் பேரை எடுத்தா போதும், "அந்தக் கிழவர் இன்னுமா ஆடுறாரு"ன்னு ஆரம்பிச்சு "அவ்ளோ பெரிய ஆளுன்னா ஏன் ஊர் ஊரா சுத்தினாரு"ன்னு முடிப்பாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி அலுத்துப்போச்சு, அதான் மொத்தமா இங்க போட்டுட்டேன். கேள்வியெல்லாம் கேட்டவங்க வார்த்தையிலேயே விட்டிருக்கேன். மேல இருக்கிறது புதுசா வர்றவங்களுக்கு, கீழ போகப்போக சண்டை போடுற சமாச்சாரம்.

முதல்ல யாருங்க இந்த யாகர்? சுருக்கமா சொல்லுங்க

1972 பிப்ரவரி 15 அன்னிக்கு, அப்போ செக்கோஸ்லோவாக்கியாவா இருந்த நாட்டுல, பிராக் பக்கத்துல கிளாட்னோங்கிற இரும்பாலை ஊர்ல பொறந்தவரு. ரைட் விங்கர், அதாவது வலது ஓரமா ஏறி அடிக்கிற ஃபார்வர்டு. 16 வயசுலயே சொந்த ஊர் சீனியர் டீம்ல இறங்கிட்டாரு, 18ல அமெரிக்கா போனாரு, 50 தாண்டியும் அதே சொந்த ஊர் டீமுக்கு ஆடினாரு. நடுவுல என்ஹெச்எல்ல (வட அமெரிக்காவோட பெரிய ஹாக்கி லீக்) மட்டும் 1733 மேட்ச், 766 கோல், 1921 பாயிண்ட். மொத்தப் பாயிண்ட்ல அவருக்கு மேல இருக்கிறது வெயின் கிரெட்ஸ்கி ஒருத்தர்தான்.

பாயிண்ட் பாயிண்ட்டுன்னு சொல்றீங்களே, கோல்தானே கணக்கு?

ரெண்டும்தான். கோல் அடிச்சவருக்கு ஒரு பாயிண்ட், அந்த கோலுக்கு முன்னாடி பக்கை (பந்துக்குப் பதிலா ஐஸ்ல அடிக்கிற ரப்பர் வட்டு) கடைசியா கொடுத்த ரெண்டு பேர் வரைக்கும் ஆளுக்கு ஒரு அசிஸ்ட், அதுவும் ஒரு பாயிண்ட். யாகருக்கு 766 கோல், 1155 அசிஸ்ட், கூட்டினா 1921. அசிஸ்ட்டை யாரும் லேசா எடுத்துக்க மாட்டாங்க, ஏன்னா நாலு பேர் மேல விழுந்து தள்ளும்போது பக்கை மறைச்சு வச்சு சரியான ஆளுக்குத் தள்றதுதான் கஷ்டம், அதுல யாகர் மாதிரி உடம்பையும் பின்பக்கத்தையும் சுவரா வச்சு பக்கைக் காப்பாத்தினவங்க ரொம்ப கம்மி.

என்ஹெச்எல்லுக்கும் ஐரோப்பா லீக்குக்கும் என்ன பெரிய வித்தியாசம்? எல்லாம் ஐஸ்தானே

ஐஸ்தான், அளவு வேற. என்ஹெச்எல் ரிங்க் 200 அடி நீளம், 85 அடி அகலம். ஐரோப்பால பழைய சர்வதேச அளவு 60 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது அகலம் கிட்டத்தட்ட 98 அடி. அகலம் கூடினா யோசிக்க நேரம் கிடைக்கும், ஓடிப் பாஸ் பண்ண இடம் கிடைக்கும். குறுகின ரிங்க்ல கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள ஒருத்தன் வந்து போர்டுல, அதாவது ரிங்க்கைச் சுத்தி இருக்கிற பலகைச் சுவர்ல, சாத்திடுவான்.

ஆனா எனக்கு அதைவிட முக்கியமாப் படுறது இன்னொன்னு. என்ஹெச்எல்ல கடைசி இடத்துல வந்தா தண்டனை இல்ல, சொல்லப்போனா அடுத்த வருஷம் நல்ல இளம் பிளேயரை முதல்ல எடுக்கிற வாய்ப்பு கூடும். செக் நாட்டு முதல் டிவிஷனான எக்ஸ்ட்ராலீகால கடைசியில வந்தா கீழ் டிவிஷனுக்கு இறங்குற ஆபத்து இருக்கு, ஸ்பான்சர் போவான், காசு போகும். யாகரோட கடைசிக் காலத்தைப் புரிஞ்சுக்க இது வேணும், கிளாட்னோ கேள்வியில திரும்ப வரும்.

மொத்தம் எத்தனை டீம்? வரிசையா போடுங்க ப்ளீஸ்

என்ஹெச்எல்ல ஒன்பது. பிட்ஸ்பர்க் பென்குவின்ஸ் 1990ல இருந்து 2001 வரைக்கும், அப்புறம் வாஷிங்டன் கேபிடல்ஸ், 2004 ஜனவரில நியூயார்க் ரேஞ்சர்ஸ், அங்க 2008 வரைக்கும். 2011ல திரும்பி வந்து ஃபிலடெல்ஃபியா ஃப்ளையர்ஸ், டல்லாஸ் ஸ்டார்ஸ், பாஸ்டன் புருயின்ஸ், நியூஜெர்சி டெவில்ஸ், ஃப்ளோரிடா பாந்தர்ஸ், கடைசியா 2017ல கனடாவுல கால்கரி ஃப்ளேம்ஸ்.

வெளிய கிளாட்னோ, ரஷ்யாவுல ஓம்ஸ்க் நகரத்து அவான்கார்ட், 1994 லாக்-அவுட் (ஓனர்கள் கதவடைப்பு, கீழ சொல்றேன்) சமயத்துல இத்தாலில போல்சானோ, ஜெர்மனில ஷால்கே டீமுக்கு ஒரே ஒரு மேட்ச். அமெரிக்கா, கனடாவையும் சேத்தா ஆறு நாடு.

அது என்ன 68ங்கிற நம்பர்? லெமியூ 66, கிரெட்ஸ்கி 99 மாதிரி ஸ்டைலுக்கா?

இல்லங்க. 1968ல செக்கோஸ்லோவாக்கியாவுல கொஞ்சம் சுதந்திரம் விட்டுப் பாத்தாங்க, பிராக் வசந்தம்னு சொல்வாங்க, ஆகஸ்ட்ல சோவியத் டேங்க் உள்ள வந்து அதை நசுக்கிடுச்சு. யாகரோட தாத்தா, நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கிட்டதை எதிர்த்து ஜெயிலுக்குப் போனவரு, அதே 1968ல இறந்துபோனாரு. பேரன் நம்பரா எடுத்துக்கிட்டது அந்த வருஷத்தை.

ஸ்கூல் படிக்கும்போது அமெரிக்க ஜனாதிபதி ரீகன் படத்தை நோட்டுக்குள்ள ஒளிச்சு வச்சிருந்த பையன்னு சொன்னா அந்த வீட்டு அரசியல் புரியும். இதே ஆளு பின்னாடி ரஷ்யாவுக்குப் போய் மூணு சீசன் ஆடினாரேன்னு சிலர் மடக்குவாங்க. டேங்க் அனுப்பின அரசாங்கம் வேற, ஓம்ஸ்க்ல டிக்கெட் வாங்கி வந்து உக்காந்த ஜனம் வேறன்னு பிரிச்சுப் பாத்தா அதுல முரண்பாடு ஒன்னும் எனக்குத் தெரியல.

கம்யூனிஸ்ட் நாட்டுல இருந்து ஓடி வந்தாரா?

இவரு ஓடல, அதுதான் விசேஷம். அவருக்கு முன்னாடி வந்தவங்க நிறையப் பேர் ஓடித்தான் வந்தாங்க. பீட்டர் ஷ்டாஸ்ட்னி 1980ல ஆஸ்திரியாவுல மேட்ச் ஆடப்போன இடத்துல இருந்து அப்படியே கியூபெக் போயிட்டாரு. 1989 நவம்பர்ல செக்கோஸ்லோவாக்கியாவுல ஆட்சி கவுந்துச்சு, அதனால 1990 ஜூன்ல வான்கூவர்ல நடந்த டிராஃப்ட்டுக்கு (இளம் பிளேயர்களை டீம்கள் முறைவச்சு எடுக்கிற நிகழ்ச்சி) யாகர் நேரா வந்து உக்காந்தாரு. ஓடி வராம டிராஃப்ட் ஹாலுக்கே வந்த முதல் செக்கோஸ்லோவாக்கியா பையன் அவருதான்.

அதே டிராஃப்ட்ல ரெண்டாவதா எடுக்கப்பட்ட பீட்டர் நெட்வெட்டும் செக்காரருதான், ஆனா அவரு 1989 ஜனவரில கால்கரிக்கு டோர்னமென்ட் ஆட வந்துட்டு 17 வயசுல திரும்பிப் போகாம அடைக்கலம் கேட்டவரு. யாகர் அஞ்சாவது. பதினேழு மாசம்தான் இடைவெளி, ஒருத்தருக்கு வீடு திரும்ப வழி இல்ல, இன்னொருத்தரு பாஸ்போர்ட்டோட வந்தாரு. யாகர் வாழ்க்கை பூரா ரெண்டு கண்டத்துக்கும் போய் வந்துக்கிட்டே இருந்ததுக்கு அடித்தளம் இதுதான்னு நான் நினைக்கிறேன். போனா திரும்ப முடியும்னு தெரிஞ்ச முதல் செட்டு அது.

லெமியூ இருந்ததாலதான் ஜெயிச்சாரு, சரியா?

பாதி சரி. 1991லயும் 1992லயும் பிட்ஸ்பர்க் ஸ்டான்லி கப் (என்ஹெச்எல் சாம்பியன் பட்டம்) ஜெயிச்சப்போ மாரியோ லெமியூதான் தலைவன், யாகர் 19, 20 வயசுப் பையன். முதல் வருஷம் வீட்டு ஞாபகம் தாங்காம தவிச்சாருன்னு, பேச்சுத் துணைக்கே ஒரு செக்காரரை, யிரி ஹ்ர்டினாவை, டிசம்பர்ல கால்கரில இருந்து டிரேடு பண்ணி கூட்டிட்டு வந்தாங்க. ஆனா 1992 ஃபைனல் முதல் மேட்ச்ல சிகாகோ ஆளுங்களை வரிசையா ஏமாத்திட்டு யாகர் அடிச்ச கோலைப் பாத்தீங்கன்னா, யார் நிழல்லயும் நிக்கிற பையன் மாதிரி இருக்காது.

மிச்சப் பாதி இது. 1994-95ல லெமியூ உடம்பு சரியில்லாம சீசன் முழுக்க ஆடல, அந்த வருஷம்தான் யாகருக்கு முதல் ஆர்ட் ராஸ் டிராபி, லீக்லயே அதிகப் பாயிண்ட் எடுத்தவருக்குக் கொடுக்கிறது. எரிக் லிண்ட்ராஸும் அவரும் ஆளுக்கு 70 பாயிண்ட், யாகருக்கு 32 கோல், லிண்ட்ராஸுக்கு 29, அதுல முந்தினாரு. லெமியூ 1997ல ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம் 1998, 1999, 2000, 2001னு நாலு வருஷம் தொடர்ந்து அதே டிராபி, 1999ல லீக்கோட சிறந்த பிளேயருக்கான ஹார்ட் டிராபியும். 1981ல இருந்து 2001 வரைக்கும் ஆர்ட் ராஸ் வாங்கினது மூணே பேர்: கிரெட்ஸ்கி, லெமியூ, யாகர். இருபத்தொரு வருஷம், மூணு பேர். 1995-96ல அவரு எடுத்த 149 பாயிண்ட் ஒரு ரைட் விங்கர் எடுத்ததுலயே அதிகம்.

அப்படிப்பட்ட ஆளை பிட்ஸ்பர்க் ஏன் வித்துச்சு? பைத்தியமா?

காசு இல்லீங்க. 1998ல டீம் திவால் மனு போட்டுச்சு. லெமியூக்கு கொடுக்க வேண்டிய சம்பள பாக்கியே கோடிக்கணக்குல நின்னுச்சு, கடைசில அவரு அந்த பாக்கியைப் பங்கா மாத்தி 1999ல டீமையே வாங்கிட்டாரு. அந்த வருஷம் பிளேஆஃப்ல (லீக் மேட்ச் முடிஞ்சதும் பட்டத்துக்காக நடக்கிற நாக்-அவுட் சுற்று) நியூஜெர்சிக்கு எதிரா ஆறாவது மேட்ச், தோத்தா வீட்டுக்கு, யாகர் தொடையிடுக்குல தசை கிழிஞ்சு ஒழுங்கா ஸ்கேட் பண்ண முடியாம இறங்கி, சமன் பண்ற கோலையும் அடிச்சு ஓவர்டைம்ல ஜெயிக்கிற கோலையும் அடிச்சாரு. பிளேஆஃப்ல இன்னும் சில மேட்ச் கூட நடந்தா டிக்கெட் காசு வரும், திவாலான டீமுக்கு அது எவ்ளோ பெரிய விஷயம்னு யோசிச்சுக்கோங்க.

ஆனா அப்படியே ரெண்டு வருஷம்தான் ஓட்ட முடிஞ்சுது. சம்பளத்துக்கு உச்சவரம்பு அப்போ கிடையாது, அது 2005லதான் வந்துச்சு, பணக்கார டீம் எவ்வளவு வேணா கொடுக்கலாம். 2001 ஜூலைல மூணு இளம் பிளேயர்களுக்கும் கொஞ்சம் பணத்துக்கும் பதிலா வாஷிங்டனுக்கு அனுப்பிட்டாங்க. அந்த மூணு பேர்ல ஒருத்தர் கூட பெரிசா வரல.

வாஷிங்டன்ல ஃப்ளாப்னு சொல்றாங்களே?

ஆமா, ஒத்துக்கலாம். 7 வருஷம் 77 மில்லியன் டாலர் ஒப்பந்தம், அந்தக் காலத்துக்கு மலைக்க வைக்கிற தொகை. முதல் சீசன்ல 79 பாயிண்ட், அடுத்ததுல 77. வேற யாராவது எடுத்திருந்தா கைதட்டியிருப்பாங்க, இவரு முந்தின வருஷம் 121 எடுத்தவரு. டீம் முதல் வருஷம் பிளேஆஃப்கே போகல, ரெண்டாவது வருஷம் முதல் ரவுண்டுலயே டாம்பா பே கிட்ட தோத்துச்சு. சந்தோஷமா இல்லைங்கிறது அவரு ஆட்டத்துலயே தெரிஞ்சுது, இதுல நான் அவருக்கு வக்காலத்து வாங்க மாட்டேன்.

2004 ஜனவரில ரேஞ்சர்ஸுக்குத் தள்ளிவிட்டாங்க, சம்பளத்துல ஒரு பகுதியை வாஷிங்டனே கட்டும்னு ஒத்துக்கிட்டு. ஆள் ஆளா வித்து அந்த சீசன் டீம் அடிமட்டத்துக்குப் போச்சு, அதனால குலுக்கல்ல முதல் தேர்வு கிடைச்சு அலெக்சாண்டர் ஓவெச்கினை எடுத்தாங்க. வாஷிங்டன்காரங்க யாகரைத் திட்டும்போது இதை ஞாபகப்படுத்துங்க.

லாக்-அவுட்னா ஸ்ட்ரைக்கா? அப்போதான் வேற லீக்ல ஆடினாரா?

ஸ்ட்ரைக்னா பிளேயர் ஆட மாட்டேங்கிறது, லாக்-அவுட்னா ஓனர்கள் கதவைச் சாத்துறது. நம்ம ஊர் ஃபேக்டரில கதவடைப்புன்னு போர்டு மாட்டுவாங்கள்ல, அதேதான். யாகர் காலத்துல மூணு தடவை: 1994-95 (84 மேட்ச் 48 ஆச்சு), 2004-05 (சீசனே ரத்து), 2012-13 (திரும்பவும் 48).

மூணு தடவையும் அவரு முதல்ல போன இடம் கிளாட்னோ. 1994ல அங்க இருந்து இத்தாலி, ஜெர்மனின்னு ஒரு சுத்து. 2004-05ல கிளாட்னோல ஆரம்பிச்சு பாதியில ஓம்ஸ்க் போனாரு, அந்த சைபீரிய ஊர் அவருக்கு அப்போ பழக்கமானதுதான். அந்த சீசனை வீட்டுல உக்காந்து கழிச்சிருந்தா 33 வயசுல என்ஹெச்எல் திரும்பி 54 கோல், 123 பாயிண்ட் எடுத்திருப்பாரான்னு யோசிங்க. அந்த 2005-06 ரெண்டுமே ரேஞ்சர்ஸ் டீம் வரலாற்று ரெக்கார்டு, 1997க்கு அப்புறம் முதல் தடவையா டீம் பிளேஆஃப் போச்சு, டிரெஸ்ஸிங் ரூம்ல நிறைய செக்காரங்க வேற. ஆர்ட் ராஸ் மட்டும் ரெண்டே பாயிண்ட்ல ஜோ தார்ன்டன் கிட்ட போயிடுச்சு.

2008ல ரஷ்யாவுக்குப் போனது பணத்துக்காகத்தானே?

பணமும் உண்டு, இல்லைன்னு சொன்னா பொய். கேஹெச்எல்ங்கிற ரஷ்ய லீக்கை 2008லதான் புதுசா ஆரம்பிச்சாங்க, பெரிய பேர் வேணும், ரஷ்யாவுல வருமான வரி அப்போ எல்லாருக்கும் ஒரே 13 சதவீதம். ஆனா அந்தக் கோடையில ரேஞ்சர்ஸ் ஒப்பந்தம் முடிஞ்சுடுச்சு, 36 வயசு, அவரு எதிர்பார்த்த மாதிரி புது ஒப்பந்தம் நியூயார்க்ல அமையல. ஓம்ஸ்க் அவருக்கு ஏற்கனவே தெரிஞ்ச ஊர்னு மேல சொன்னேன்ல.

அங்க மூணு சீசன், 155 மேட்ச், 66 கோல், 79 அசிஸ்ட். என்ஹெச்எல் ரசிகர்கள் இதை "ஓய்வு காலம்"னு தள்ளிவிடுவாங்க. மேட்ச்சுக்கு 0.4க்கு மேல கோல் அடிக்கிறவரை ஓய்வுல இருக்காருன்னு எப்படிச் சொல்றது?

அங்கதான் ஒரு பையன் மேட்ச்லயே இறந்தான்னு கேள்விப்பட்டேன், உண்மையா?

உண்மை. அலெக்சி செரபனோவ், 19 வயசு, ரேஞ்சர்ஸ் 2007ல முதல் ரவுண்டுல எடுத்து வச்சிருந்த பையன். ஓம்ஸ்க்ல யாகரோட ஒரே லைன்ல (ஒண்ணா ஐஸ்ல இறங்குற மூணு ஃபார்வர்டு) ஆடினான். 2008 அக்டோபர் 13, மாஸ்கோ பக்கம் செகோவ்ல மேட்ச், முடியப்போற நேரம், ரெண்டு பேரும் ஐஸ்ல இருந்து வந்து பெஞ்ச்ல பக்கத்துல பக்கத்துல உக்காந்தாங்க, பையன் சரிஞ்சுட்டான். இதயக் கோளாறு. ஆம்புலன்ஸ் அதுக்குள்ள கிளம்பிப் போயிருந்துச்சு.

கேஹெச்எல் அதுக்கப்புறம் மருத்துவப் பரிசோதனை விதிகளை இறுக்கினாங்க. இதுக்கு மேல இதை நோண்ட எனக்கு மனசு வரல.

2011ல திரும்பி வந்தவரு வருஷம் ஒரு டீம்னு அலைஞ்சாரே, யாருக்கும் வேண்டாமப் போயிட்டாரா?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு ரொம்ப கோவம் வரும். சம்பள உச்சவரம்பு வந்ததுக்கு அப்புறம் 35 தாண்டினவருக்குப் பல வருஷ ஒப்பந்தம் போடுறது டீமுக்கு ஆபத்து, அவரு நடுவுல ரிட்டயர் ஆனாலும் அந்தத் தொகை கணக்குல நிக்கும். ஒரு வருஷ ஒப்பந்தம்னா அந்தத் தலைவலி இல்ல, இத்தனை மேட்ச் ஆடினா இவ்வளவு, இத்தனை பாயிண்ட் எடுத்தா இவ்வளவுன்னு போனஸும் வைக்கலாம். வயசான எல்லாரும் அப்படித்தான் கையெழுத்துப் போடுறாங்க, இவரு மட்டும் இல்ல.

ஃபிலடெல்ஃபியால 54 பாயிண்ட். டல்லாஸ்ல 34 மேட்ச்ல 14 கோல், பிளேஆஃப் கனவு இல்லாத டீம்ங்கிறதால 2013 ஏப்ரல்ல பாஸ்டனுக்குக் கொடுத்தாங்க. அங்க ஃபைனல் வரைக்கும் போய் சிகாகோ கிட்ட தோத்தாரு, 1992க்கு அப்புறம் 21 வருஷம் கழிச்சு ஒரு ஃபைனல், அந்த பிளேஆஃப்ல 22 மேட்ச், 10 அசிஸ்ட், ஒரு கோல் கூட விழல. அடுத்து நியூஜெர்சி, 67 பாயிண்ட், 42 வயசுல டீம்லயே அவருதான் அதிகம். 2015 ஜனவரில பழைய டீம் ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராவே ஹாட்ரிக் (ஒரே மேட்ச்ல மூணு கோல்), அவ்வளவு வயசுல என்ஹெச்எல்ல ஹாட்ரிக் அடிச்சவங்க அதுக்கு முன்னாடி கிடையாது.

ஃப்ளோரிடாதான் எனக்குப் புடிச்ச பகுதி. பார்கோவ், ஹூபர்டோன்னு அவரு பிள்ளை வயசுப் பசங்களோட ஒரே லைன், 2015-16ல 66 பாயிண்ட், டீம்ல முதலிடம், டிவிஷன்லயும் டீம் முதலிடம். 2016 டிசம்பர் 22 அன்னிக்கு மார்க் மெஸ்ஸியேவோட 1887 பாயிண்ட்டைத் தாண்டி மொத்தப் பாயிண்ட்ல ரெண்டாவது இடத்துக்கு வந்தாரு. அந்த சீசன் முழுக்க 82 மேட்ச்சும் ஆடினாரு, 45 வயசுல. கால்கரியிலதான் உடம்பு கைவிட்டுச்சு, 22 மேட்ச், ஒரு கோல், 2018 ஜனவரி கடைசில கிளாட்னோவுக்கு அனுப்பிட்டாங்க.

நாட்டுக்காக என்ன கிழிச்சாரு?

1998 நாகானோ ஒலிம்பிக் தங்கம் (கோல்கீப்பர் ஹாஷெக் கோல் போஸ்ட்ல நின்னு ஃபைனல்ல ரஷ்யாவை 1-0ன்னு மடக்கின வருஷம்), 2005லயும் 2010லயும் உலக சாம்பியன்ஷிப், 2006ல ஒலிம்பிக் வெண்கலம். ஸ்டான்லி கப்பையும் சேத்தா மூணு பெரிய பட்டமும் கையில, அதைத்தான் டிரிபிள் கோல்டுங்கிறாங்க. 2015ல பிராக்ல நடந்த உலக சாம்பியன்ஷிப்ல 43 வயசுல தொடரோட சிறந்த பிளேயர். கிழிச்சது போதுமா?

ரஷ்யா போகாம இருந்திருந்தா கிரெட்ஸ்கி ரெக்கார்டைத் தாண்டியிருப்பாரா?

பாயிண்ட்ல இல்லவே இல்ல. கிரெட்ஸ்கி 2857, யாகரோட மொத்தப் பாயிண்ட்டை விட கிரெட்ஸ்கியோட அசிஸ்ட் (1963) மட்டுமே அதிகம், அதுவும் 1487 மேட்ச்லயே. யாகர் இழந்ததைக் கணக்குப் போடுங்க: மூணு கேஹெச்எல் சீசனுக்கு 246 மேட்ச், 2004-05க்கு 82, மத்த ரெண்டு லாக்-அவுட்டுக்கு 36ம் 34ம், மொத்தம் 398. தாராளமா மேட்ச்சுக்கு ஒன்னேகால் பாயிண்ட்னு போட்டாலும் 500 கிட்டதான் வருது, வித்தியாசம் 936.

கோல்ல கதை வேற. கிரெட்ஸ்கி 894, யாகருக்கு வேண்டியது 129 கோல் தாண்ட. அதே 398 மேட்ச்ல மூணு மேட்ச்சுக்கு ஒரு கோல்னாலே 130 ஓடும், அவரோட வாழ்நாள் சராசரி அதைவிட நல்லாவே மேல. ஆக கோல் ரெக்கார்டு கைக்கு எட்டுற தூரத்துல இருந்துச்சுன்னு நான் அடிச்சுச் சொல்வேன். உடனே ஓவெச்கின் ஆளுங்க வருவாங்க, அவருக்கும் 2004-05 போச்சு, 2012-13 பாதி போச்சு, கொரோனாவுலயும் போச்சு, ஆனாலும் 2025 ஏப்ரல்ல 895 அடிச்சு கிரெட்ஸ்கியைத் தாண்டினாரேன்னு. நியாயம்தான், பதில் இல்ல என்கிட்ட. வேற லீக்ல அடிச்சதை என்ஹெச்எல் கணக்குல சேக்க மாட்டாங்க, அந்தக் கோடு தெரிஞ்சுதான் அவரு தாண்டிப் போனாரு.

டீம் ஓனரே டீம்ல ஆடலாமா? இது என்ன கூத்து

ஆடலாம், செக் லீக்ல தடை இல்ல. 2011ல கிளாட்னோ டீம் அவரு கைக்கு வந்துச்சு. வெறும் பெருமைக்கு வாங்கினதுன்னா நஷ்டத்தோட வித்துட்டுப் போயிருப்பாரு. 2012 லாக்-அவுட்ல பிளெகானெட்ஸ், காபெர்லே மாதிரி என்ஹெச்எல் ஆளுங்களோட ஆடினப்போ ஹால் நிரம்புச்சு, லாக்-அவுட் முடிஞ்சு அவங்க கிளம்பினாங்க, 2014ல டீம் கீழ் டிவிஷனுக்கு இறங்கிடுச்சு.

நான் மேல ரிங்க் கேள்வியில சொன்ன இறங்குற பயம் இதுதான். கால்கரியில இருந்து திரும்பின யாகர் ரெண்டாம் டிவிஷன்லதான் வந்து நின்னாரு. 2019ல மேல ஏத்தினாரு, 47 வயசுல அந்த ஏறுற சுற்றுல ஒரே மேட்ச்ல 4 கோல். 2020ல திரும்ப இறங்குச்சு, 2021ல திரும்ப ஏறுச்சு. இன்னும் ஏன் ஆடுறீங்கன்னு கேட்டப்போ அவரு சொன்னது, நான் ஐஸ்ல இருந்தாத்தான் ஸ்பான்சர் இருப்பான்னு. 50 வயசு ஆளு இளம் பையன் இடத்தைப் பிடிச்சுக்கிறாருன்னு ஒரு குறை உண்டு, அதுல கொஞ்சம் நியாயமும் உண்டு. ஆனா டீமே இல்லாமப் போனா அந்தப் பையன் எங்க ஆடுவான்?

ஹால் ஆஃப் ஃபேம்ல பேர் இல்லையாமே, அரசியலா?

அரசியல் இல்ல, விதி. டொரொண்டோல இருக்கிற ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேம்ல சேரணும்னா கடைசியா புரொஃபஷனலா ஆடி மூணு சீசன் ஆகியிருக்கணும், எந்த நாட்டு லீக்கா இருந்தாலும். யாகர் 2024-25லயும், அதாவது 53 வயசைத் தொட்ட சீசன்லயும், கிளாட்னோவுக்காக இறங்கினாரு. ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் கடிகாரம் திரும்ப பூஜ்யத்துல இருந்து ஓடும். முன்னாடி பெரிய தலைங்களுக்கு விலக்கு கொடுத்தாங்க, 1999ல கிரெட்ஸ்கிக்குக் கொடுத்ததுதான் கடைசி. 1997ல லெமியூக்குக் கொடுத்தாங்க, அவரு 2000 டிசம்பர்ல திரும்ப ஆட வந்துட்டாரு!

சர்வதேச ஹாக்கி சம்மேளனம் வச்சிருக்கிற ஹால் ஆஃப் ஃபேம் வேற, அங்க 2024ல பிராக்லயே சேத்துட்டாங்க. ரெண்டையும் குழப்பிக்கிறவங்கதான் சண்டை போடுறாங்க.

இவ்ளோ வயசுல உடம்பு எப்படி தாங்குச்சு? ரகசியம் என்ன?

ராத்திரி பயிற்சி. மேட்ச் முடிஞ்சு மத்தவங்க வீட்டுக்குப் போனதுக்கு அப்புறம் தனியா ரிங்க்கை திறந்து, எடை வச்ச ஜாக்கெட் மாட்டிக்கிட்டு, கணுக்கால்ல எடை கட்டிக்கிட்டு ஸ்கேட் பண்ணுவாரு. ஃப்ளோரிடா பசங்க சிலர் அதைப் பாத்து கூடவே சேந்துக்கிட்டாங்க. இன்னொன்னு, அவரு ஆட்டம் வேகத்தை மட்டும் நம்பி இருந்ததில்ல. முதுகைக் காட்டி நின்னா பக்கை யாராலயும் பிடுங்க முடியாது, அந்த வித்தைக்கு வயசு சீக்கிரம் ஆகாது.

பிட்ஸ்பர்க்ல அவரை "பூ"ன்னு கத்தினாங்களே, இப்போ சமாதானமா?

"பூ"ன்னா ரசிகர்கள் பிடிக்காதவரைக் கேலி பண்ணிக் கத்துற சத்தம். 2001ல கிளம்பினதுல ஆரம்பிச்ச கசப்பு, 2011ல பெருசாச்சு. பிட்ஸ்பர்க் திரும்ப வருவாருன்னு ஊரே காத்திருந்துச்சு, டீமும் ஒப்பந்தம் ஒன்னு நீட்டிட்டு, இழுத்தடிக்கவும் திரும்ப வாங்கிக்கிச்சு, அவரு போய் பரம எதிரி ஃபிலடெல்ஃபியால கையெழுத்துப் போட்டாரு. கத்தாம என்ன செய்வாங்க.

2024 பிப்ரவரி 18 அன்னிக்கு 68ஐ ரிட்டயர் பண்ணி (இனி அந்த டீம்ல வேற யாரும் அந்த நம்பரைப் போட முடியாது) கூரையில ஏத்தினாங்க. பிட்ஸ்பர்க்ல அதுக்கு முன்னாடி ஏத்தினது மிஷல் பிரியரோட 21, லெமியூவோட 66, ரெண்டே நம்பர். மேட்ச்சுக்கு முந்தின வார்ம்-அப்ல யாகரும் டீமோட சேந்து ஐஸ்ல இறங்கினாரு. அடுத்த மாசம் ரசிகர்களுக்குக் கொடுக்க வச்சிருந்த யாகர் தலையாட்டி பொம்மை லோடே கலிஃபோர்னியால திருடு போச்சு, அப்புறம் கண்டுபிடிச்சாங்க, அது தனிக் கூத்து.

சரி, ஒன்னும் தெரியாத நான் எங்க இருந்து பாக்க ஆரம்பிக்கணும்?

ஹைலைட்ஸ் தொகுப்பு பாக்காதீங்க, எல்லாம் அவரோட 1990கள் நீளத் தலைமுடியும் கோலுமா இருக்கும். 1999 நியூஜெர்சி ஆறாவது மேட்ச்சை முழுசாப் பாருங்க, அப்புறம் 2015-16 ஃப்ளோரிடா மேட்ச் எதாவது ஒன்னு. ரெண்டுலயும் அவரு பக்கை வச்சிக்கிட்டு போர்டு ஓரமா நிக்கிற இடங்களை மட்டும் கவனிங்க. கிளாட்னோ மேட்ச் பாக்கணும்னா 2021க்கு அப்புறம் உள்ளதைத் தேடுங்க, செக் கமென்டரி புரியாது, பரவால்ல, அவரு ஐஸ்ல வர்ற போதெல்லாம் ஹால்ல சத்தம் மாறும், அதை வச்சே கண்டுபிடிச்சுக்கலாம்.